ஞாயிற்றுக்கிழமையில் நின்ற ஐஸ் லொறி

எழுத்து எனக்குச் சரிவராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்; சொல்ல வந்தது பாதியில் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன். கடதாசி நம்மைத் திரும்பிப் பார்க்காது.

என் மருமகள் வங்காலைப் பெண். ஓலைத்தொடுவாயில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடியே கம்பனி வேலை செய்கிறாள். ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒரு மொழியாம். அதில் எழுதி சேர்வரில் ஓட விடுகிறாள். சேர்வர் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கும் தெரியாது மாமி. சிங்கப்பூராயிருக்கும்."

எந்த வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாமலே சமைக்கிற வேலை என்று விளங்கிக்கொண்டேன்.

அவளுடைய திரை கறுப்பு. ஒரு சொல்லைத் தட்டினால் யார் யாரோ எழுதி வைத்த துண்டுகள் வரிசையாக வந்து இறங்கும். பக்கேஜ் என்கிறாள். இந்தச் சின்ன வேலைக்கு இவ்வளவு சாமானா என்று கேட்டால், "நான் கூப்பிட்டது ஒண்டைத்தான் மாமி. அது தன்ர சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திட்டுது" என்கிறாள். கலியாணத்துக்கு ஒருவரைச் சொன்னால் ஒரு வான் வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்குகிற கதைதான்.

முசலிக் கரையில் இருக்கிற ஒரு முஸ்லிம் பெண்பிள்ளைக்கும் அதே கம்பனியில் வேலை. மீன் வைக்க வள்ளங்களுக்கு ஐஸ் கொண்டுபோகிற லொறி எந்த நாள் எந்தக் கரைக்குப் போகவேண்டும் என்று சொல்கிற புறோகிராம்கள் இவர்கள் இருவருடையவை. எங்கள் தீவுக் கரைக்கு ஒன்று, முசலிக்கு ஒன்று. இரண்டுக்கும் தேவையான கணக்கைப் பொதுவாக ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். லைப்ரரி என்று பெயர். எங்கள் மாதா கோயில் பெரிய கிடாரம் மாதிரி, எல்லார் வீட்டுப் புரியாணிக்கும் அது ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மருமகள் அந்தப் பொதுச் சாமானில் வேலை நாள் பார்க்கிற பகுதியைப் புதிதாக எழுதினாள். சோதனை ஓட்டினாள். எல்லாம் பச்சைச் சரி அடையாளங்களாக வந்தன. புது வேர்ஷன் என்று வெளியே விட்டுவிட்டுப் புட்டவிக்கப் போனாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. முசலிப் பிள்ளை.

"புள்ள, ஐஸ் லொறி வரல்ல. பின்னேரம் வாப்பா வள்ளம் இறக்கோணும். புறோகிராம் இண்டைக்கு லீவு எண்டு நிக்குது. ஆருக்கு லீவு?"

மருமகள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் இறங்காது. கடல் உப்பு என்று எழுதுவதுபோல இவள் அதையும் லைப்ரரிக்குள் எழுதிவிட்டாள். சோதனையை எழுதியதும் இவள்தான். தானே வினாத்தாள் போட்டுத் தானே திருத்தினால் யார் பெயிலாவது? முசலிப் புறோகிராம் காலையில் புது வேர்ஷனைத் தானாக இழுத்துக்கொண்டு, ஞாயிறு அனுசரிக்கத் தொடங்கிவிட்டது.

"உங்கட கோயில் மணி எங்கட கரைக்கும் கேக்குது போல," என்றது போன். "வாற வெள்ளிக்கிழமை உங்கட வள்ளமெல்லாத்தையும் நான் ஜும்ஆத் தொழுகைக்கு நிப்பாட்டட்டா?"

"நிப்பாட்டு. எனக்கு வேணும். பழைய வேர்ஷனுக்குப் போகவும் ஏலாது, அதில வேற பிழை கிடக்கு."

"மத்தியானத்தோட லொறி றைவர் வீட்டை போயிடுவார் புள்ள."

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வலைக் கிழிசலும் பொத்துவதில்லை, கணினியும் திறப்பதில்லை. மருமகள் என்னைப் பார்த்தாள்.

"மாமி, திறக்கட்டோ?"

"கிணத்துக்க மாடு விழுந்தா ஓய்வு நாளிலயும் தூக்கலாம் எண்டு சுவாமி பிரசங்கத்தில சொன்னவர்தானே."

"விழுத்தினதே நான்தான் மாமி."

"அப்ப கெதியாத் தூக்கு."

லீவு எந்த நாள் என்று லைப்ரரி சொல்லக்கூடாது, அந்தந்தக் கரையின் புறோகிராமே சொல்லவேண்டும் என்று மாற்றி எழுதினாள். அவளுடைய இரண்டு கையும் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருக்க, போனைப் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. போனில் பேச எனக்கு வெட்கம். பிடித்தபடி மூச்சுக்காட்டாமல் நின்றேன்.

"பச்சை வந்திச்சா?" என்று அது கேட்டது. மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்தாள். யாராவது சொல்லத்தானே வேண்டும்.

"ரெண்டு சிவப்பு கிடக்கு பிள்ளை."

"ஆரு பேசுற?"

"மாமி."

"மாமியையும் கம்பனியில சேத்தாச்சோ?"

எனக்கு முகம் சுட்டது. மருமகள் ஒரு வரியை அழித்து எழுதி மறுபடி ஓட்டினாள். "இப்ப முழுக்கப் பச்சை" என்று நானாகவே சொன்னேன், கேட்க முன்னம். புது வேர்ஷன் போனது. முசலிப் பிள்ளை அதை இழுத்தாள். போனைப் பிடித்த என் கை உளைந்தது, மாற்றிப் பிடிக்கவும் பயம்.

"லொறி வெளிக்கிட்டுது," என்றாள் கடைசியில். "றைவர் சோத்துப் பாசலைக் கட்டிக்கொண்டு போறார்."

இனிமேல் தான் சொன்னாலொழியத் தன் புறோகிராம் புதியதை இழுக்காதபடி கட்டிவைப்பதாகவும் சொன்னாள்.

மறுநாள் முசலிப் பக்க பஸ்ஸில் அந்தப் பிள்ளை அனுப்பிய ஒரு அறுக்குளா மீன் வந்தது, ஐஸுக்குள் கிடந்தபடி. குழம்பு வைத்து மேசையில் வைத்த பிறகும் மருமகள் தொடவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை வள்ளத்தில வந்த மீன் மாமி."

"அந்தக் கரைக்கு அது வேலை நாள். நீதானே எழுதினனி," என்று சொல்லி, தலைத்துண்டை நான் போட்டுக்கொண்டேன்.

வேர்ஷன், லைப்ரரி என்று நான் எழுதியதில் பிழை இருக்கும். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். மருமகளிடம் மட்டும் கொடுக்கவேண்டாம். அவள் எல்லாவற்றுக்கும் பச்சை போட்டுவிடுவாள்.