ஒன்பது புள்ளி ஒன்று

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் ஒருமுறை தோற்ற என் தங்கை, அடுத்த தேர்விலேயே தேறினாள். பகலெல்லாம் துணிக்கடையில் நின்று, மாலைக் கல்லூரியில் இயற்பியல் முடித்தாள். சிபாரிசுக்கு ஆளில்லாமலே ஒரு கல்லூரி ஆய்வகத்தில் பயிற்றுநர் வேலையை வாங்கினாள். அதே ஆய்வகத்தில் நான் உதவியாளன். வீட்டில் "ஏய் குட்டச்சி" என்று கூப்பிட்ட வாய், அங்கே "மேடம்" என்று சொல்லப் பழகவேண்டியிருந்தது.

வேலை ஓராண்டுக்குத் தற்காலிகம். துறைத் தலைவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "விடை சரியா வந்தா ரெக்கார்டுல கையெழுத்து போடுங்க, இல்லன்னா திருப்பி அனுப்புங்க. பசங்ககிட்ட பேச்சு வச்சுக்காதீங்க. ஒரு புகார் வந்தாலும் அடுத்த வருஷம் நீங்க இங்க இல்ல." அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் சோதனை ஊசல். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, புவியீர்ப்பைக் கணக்கிட வேண்டும். ரெக்கார்டுகளைத் திறந்தால் எல்லோருக்கும் அச்சடித்தாற்போல, புத்தகத்தில் உள்ள அதே ஒன்பது புள்ளி எட்டு. பாதிப் பேர் குண்டைத் தொடவேயில்லை என்பது எனக்குத் தெரியும். 'கண்ணாடி' என்று எல்லோரும் கூப்பிடும் மாணவி மட்டும் ஒன்பது புள்ளி ஒன்று என்று எழுதியிருந்தாள்.

"ஏன் இப்படி?" என்று கேட்டாள் தங்கை.

"வந்ததை எழுதினேன் மேடம். திட்டுவீங்கன்னு தெரியும்."

"பார்த்து எழுதக்கூட வராது மேடம் அதுக்கு" என்றான் கடைசி மேசை வாயாடி.

தங்கையின் முகம் வெளுத்தது. மற்றவர்களுக்குக் கையெழுத்துப் போட்டால் பொய்க்குப் போட்டதாகும். மறுத்தால் வகுப்பே புகாரோடு கிளம்பும். "போட்டுத் தொலையேன்" என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவளோ, "ஸ்டாப்வாட்ச் குடுங்க" என்றாள்.

எல்லோர் முன்னாலும் தானே செய்தாள். கணக்குப் போட்டுப் பலகையில் எழுதினாள்: ஒன்பது புள்ளி ஐந்து.

"உங்களுக்கே வரலையா மேடம்?" என்றது மாணவர் கூட்டத்தில் ஒரு குரல்.

"வரலை. எங்க கோட்டைவிட்டேன்? நீங்கதானே பார்த்துட்டு இருந்தீங்க."

கண்ணாடி மெல்லச் சொன்னாள்: "நூலை மட்டும் அளந்தீங்க மேடம். குண்டோட நடுவரைக்கும் அளக்கணும். நானும் அதைத்தான் விட்டிருக்கேன்."

"ரொம்ப வீசியும் விட்டீங்க. ஊஞ்சலா மேடம் அது?" என்றான் வாயாடி.

சிரிப்பு எழுந்தது, தங்கையும் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் துறைத் தலைவர்.

"போர்டுல இருக்கறது யாரோட தப்பு?"

"என்னுது சார்."

கண்ணாடியின் ரெக்கார்டை எடுத்துப் பார்த்தார். "இதுக்கா கையெழுத்து போடப்போறீங்க?"

"எங்க தப்பு நடந்ததுன்னு எழுதட்டும், போடறேன் சார். மத்தவங்க மறுபடி செய்யணும்."

அவர் வகுப்பின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

வாயாடி எழுந்தான். தங்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம் சொல்றது சரி சார். நாங்க செய்யவே இல்ல."

கையிலிருந்த ரெக்கார்டைத் தங்கையிடமே நீட்டினார். "நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடி தன் பிழையை இரண்டு வரியில் எழுதினாள். அதன் கீழே தங்கை சுருக்கி எழுதாமல் முழுப்பெயரையும் போட்டாள். பயிற்றுநராக அவளுடைய முதல் கையெழுத்து: 2019 ஆகஸ்ட் 21, புதன்கிழமை.