ஒரு மணி நேரம் ஆப்பை அணைத்த கதை

சாப்பாடு டெலிவரி செய்கிற நாங்கள் பதினோரு பேர் நாகர்கோவிலில் சங்கம் தொடங்கப் பார்க்கிறோம். வெள்ளோட்டமாக இன்று மதியம் ஒன்றிலிருந்து இரண்டு மணிவரை எல்லோரும் ஆப்பை அணைத்துவைப்பதாகப் பேச்சு.

ஒன்றேகாலுக்கு எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேறு எவனாவது ஓடுகிறானா என்று பார்க்க மட்டும்தான் ஆன் செய்தேன். அந்த நிமிடமே ஆர்டர் விழுந்தது. வேண்டாம் என்று தள்ளினால் ஐடியை முடக்கிவிடுவார்கள். போனேன்.

கோட்டாறு பிரியாணிக் கடை வாசலில் எங்கள் ஆட்கள் ஒன்பது பேர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தார்கள்.

"நீயும் ஆன் பண்ணினியா?" என்று ஜெபினிடம் கேட்டேன்.

"எவனாவது ஓடுகானான்னு பாக்கதுக்கு ஆன் பண்ணினேன் மக்கா. நீ?"

"நானும் அதுக்குத்தான்."

இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் நாலு பேருக்குமேல் வந்ததில்லை. இன்று பத்துப் பேர். தலைவரைக்கூடத் தேர்ந்தெடுத்திருக்கலாம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பொட்டலம் வந்ததும் அவரவர் வண்டியை எடுத்தோம்.

பதினோராவது ஆள், எங்களையெல்லாம் சேர்த்த வின்சென்ட் அண்ணன். சொன்னபடி ஆப்பை அணைத்துவிட்டு வீட்டில் இருந்தவர் இப்போதுதான் போன் செய்தார்.

"நம்ம ஆளுவ ஒருத்தனும் ஓடலல்லா மக்கா?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். மறுபடியும் கூப்பிடுகிறார். என்ன சொல்லட்டும், நீங்களே சொல்லுங்கள்.