எங்கள் மலையைப் பார்த்து வாங்கிய லென்ஸ்

எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் படம் எடுக்க எனக்கு யார் துணையும் வேண்டாம். ஏற்காட்டுக்குப் பக்கத்து மலையூர் நாகலூரில் தனியாக இருக்கிறேன். கேமரா என் வீட்டுக்காரர் விட்டுப்போனது. மலை ஈரத்தில் அதன் லென்ஸ் பூசணம் பிடித்துவிட்டது. பம்பாயிலிருந்து மகள் முதன்முறையாகப் பேரனைக் கூட்டிவருகிறாள் என்றதும் வேறு வாங்கச் சேலம் போனேன்.

கடைக்காரர் சின்ன ஜூம் லென்ஸ் ஒன்றை எடுத்துவைத்தார். "ஏனுங்கம்மா, ஊட்டுப் புழக்கத்துக்கு இது போதுமுங்க. வெலையும் கம்மி."

பக்கத்தில் நீளமாக இன்னொன்று இருந்தது. அதை மாட்டிக் கடை வாசலில் நின்று பார்த்தேன். எங்கள் மலையே முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"எனக்குத் தெரியுமுங்க, இதையே குடுங்க" என்றேன்.

மகள் காலையில் வந்தாள். மாலை பஸ்ஸில் திரும்ப வேண்டும். வீட்டுக்குள் அந்த நீள லென்ஸில் பேரன் முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது, கிட்டத்தில் இருப்பது அதற்குப் பிடிபடவில்லை. பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசலில் காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தின் கடைசிக்கே போய்விட்டேன்.

"ஏம்மா, இப்படியே ஏற்காட்டுக்குப் போயிருவியாட்ட! வந்து பையனத் தூக்கும்மா."

"இரு கண்ணு, ஒண்ணே ஒண்ணு."

மூடுபனி இறங்கியது. விலகட்டும் என்று நின்றேன். பஸ் வந்துவிட்டது. பனியோடேயே ஒன்று எடுத்தேன். கழுவி வந்த படத்தில் வெறும் வெள்ளைதான்.

அந்த நீள லென்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதையே வாங்கினேன், இந்த முறை கடைக்காரரை எதிரே உட்காரவைத்துப் பார்த்து. நீங்களும் கை எட்டும் தூரத்தில் ஓர் ஆளை வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

இப்போது வீட்டில் எதிர் நாற்காலியின் பிரம்புப் பின்னல்கூடத் தெளிவாகத் தெரிகிறது. அதில் ஆள்தான் இல்லை. மறுபடி பேரன் வந்தால் முதலில் தூக்கிக்கொள்வேன், படம் பிறகுதான்.