மறக்க மாட்டேன், ஐம்பது முறை

இரண்டாயிரத்து நாலாக இருக்கலாம். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பெருங்களத்தூரில் அப்பாவின் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து பின்மண்டையில் அடிபட்ட மாணவி ஒருத்தி, இரண்டு வாரம் கழித்து வகுப்புக்குத் திரும்பினாள். "ஒரு தையல்கூடப் போடல மிஸ், ஸ்கேன் நார்மல்னுட்டாங்க," என்றார் அவள் அம்மா. ரத்தம் வராவிட்டால் எங்களுக்கெல்லாம் அது அடியே இல்லை.

அதன்பின் அவள் தினமும் கணக்கு நோட்டை மறந்தாள். வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று டெஸ்க்கில் தலை கவிழ்ந்து கிடந்தாள். "விழுந்ததையே சாக்கு சொல்லி இன்னும் எத்தனை நாள் ஓட்டுவே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். 'நோட்டு கொண்டுவர மறக்க மாட்டேன்' என்று ஐம்பது முறை இம்போசிஷன் எழுதிவரச் சொன்னேன். பிள்ளைகளின் நடிப்பெல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிர்.

மறுநாளே எழுதிக்கொண்டு வந்தாள். எண்ணிப் பார்த்து, சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன்.

அதற்கடுத்த நாள் காலையிலும் என் மேசையருகே வந்து நின்றாள். புதிய தாளில், புதிதாக எழுதிய ஐம்பது வரிகளை நீட்டினாள்.

"நேத்தே குடுத்திருக்கணும் மிஸ், மறந்துட்டேன். சாரி."