ஆண்டவரோடு சைக்கிளில் போனவர்

செவ்வாய்க்கிழமை காலை, கண்டாச்சிபுரத்திலிருந்து வந்த முருகேசன் திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் நின்றார். "மாமா தூக்கத்துலயே போய்ட்டாருங்க. எங்க வீட்டுல தான் இருந்தாரு," என்றார். அவர் மாமா என்றது எங்கள் சபையின் மூப்பர் ஆசீர்வாதம் ஐயாவை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கச் சேர்ந்தபோது, ஐயா சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. மகள் எஸ்தர் இந்துக் குடும்பத்து விவசாயியான முருகேசனை விரும்பி மணந்ததும், "எனக்கு மகளே இல்லை" என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பயந்து மனைவி சாந்தம்மாளும் மகளைப் பார்க்கப் போகவில்லை.

சில வருடங்கள் கழித்து விழுப்புரத்தில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. பிரசங்கத்தின் நடுவே ஐயா எழுந்து நின்றுவிட்டார். "இத்தினி வருஷமா கோயிலுக்குப் போய்க்கினு இருக்கேன். ஆண்டவரைப் பத்திப் பேசியிருக்கேன். அவர்கூடப் பேசினதே இல்லீங்க," என்று தேம்பி அழுதார்.

இரண்டு நாளில் சாந்தம்மாள் என்னிடம் ஓடி வந்தார். "ஜல்தி வாங்க தம்பி. இவரு சைக்கிள்ல போவும்போது தனியா பேசிக்கினே போறாரு. ஒரே பேஜாரா இருக்குது."

ஐயா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். "தனியா எங்க பேசறேன்? ஆண்டவர் கேரியர்ல உக்காந்துக்கினு வர்றாரு. பேசாம ஓட்டினா மரியாதையா இருக்குமா?" என்று கேட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "எஸ்தர் வீட்டுக்குப் போலாம்னு சொல்லிக்கினே இருக்காரு தம்பி. எனக்குத்தான் கால் வரல."

அந்த வாரமே மூவரும் புறப்பட்டோம். விழுப்புரத்தில் பஸ் மாறும்போது ஐயா தயங்கினார். "மருமகன் வெளிய போன்னுட்டா?" அடுத்த நொடியே, "சொன்னாலும் நியாயந்தான்," என்று தாமே பஸ்ஸில் ஏறிவிட்டார்.

எங்களைக் கண்டதும் எஸ்தர் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். கொல்லையிலிருந்து வந்த முருகேசனிடம் ஐயா கைகூப்பினார். "மாப்ள, உங்கள வேணாம்னு சொன்னேன். மன்னிச்சிடுங்க."

முருகேசன் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, உள்ள வாங்க மாமா! கேப்பைக் களிதான் இருக்குது, சாப்புடுவீங்களா?"

ஐயா இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். எஸ்தர் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பரிமாறினாள்.

திரும்பும் வழியில் ஐயா சொன்னார்: "கூட்டத்துல அழுதப்போ ஆண்டவர் பக்கத்துல வந்துட்டாருன்னு நெனச்சேன் தம்பி. இன்னிக்கி அந்தப் புள்ளைங்களோட உக்காந்து சாப்புட்டப்போ அவரும் நானும் ஒண்ணாயிட்டோம்."

அதன்பின் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை அறுவடைக்கெல்லாம் அவர் மகள் வீட்டில்தான். இந்த முறையும் அதற்காகவே போயிருந்தார்.

அடக்க ஆராதனைக்கு முருகேசனின் உறவினர்கள் டிராக்டரில் மாலைகளோடு வந்து, கோயிலுக்கு வெளியே தயங்கி நின்றார்கள். சாந்தம்மாள் எழுந்துபோய், "சம்பந்திமாரு வெளிய நிக்கலாமா? வாங்க," என்று அழைத்து வந்து தம் அருகே உட்காரவைத்தார். நான் துதிப்பாட்டைத் தொடங்கினேன். ஒரு சரணம் முடிவதற்குள் பாட்டே தெரியாத அவர்களும் தாளம் தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

மகிழ்ச்சியாகப் போய் வாருங்கள், ஐயா.