கையைச் சுடாத கிளாஸ்

அன்னபாக்கியத்துக்கு அந்தக் கிளாஸ்களை முதல் நாளே பிடிக்கவில்லை. கப்பலில் வேலை செய்யும் கொழுந்தன் கதிர்காமநாதன் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தவை. ஒரு கிளாஸுக்குள் இன்னொரு கிளாஸ், இரண்டு சுவருக்கும் நடுவே வெறும் வெளி, மேலே ஒரு மூடி. கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணீர் ஊற்றினாலும் வெளிச்சுவர் குளிர்ந்தபடியே இருக்கும். உள்ளே இவ்வளவு சூட்டை வைத்துக்கொண்டு வெளியே ஒன்றும் தெரியாததுபோல நிற்கிற சாமானை எப்படி நம்புவது? புருஷன் மயில்வாகனத்துக்கோ அவற்றின் மேல் ஒரே மோகம். அக்கராயன் குடியேற்றத்தில் வேறெந்த வீட்டிலும் இப்படி இல்லையென்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தார். அவள் அவற்றை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மாசியில் நெல் சூடடிப்பு முடிந்த கையோடு அவளுடைய தமையன் ஏரம்பு வந்தார். தங்கை யாழ்ப்பாணத்தை விட்டுக் குடியேற்றக் காணிக்கு வந்தது அவருக்கு அறவே பிடிக்கவில்லை. "காட்டுக்குள்ளை கொண்டுபோய் என்ரை தங்கச்சியைக் காய்ச்சலுக்குக் குடுக்கப்போறான்" என்று கத்தி, இனி அவள் வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டவர். சொன்னதைக் கட்டிப் பிடிப்பதில் அந்த மனிதனை மிஞ்ச ஆளில்லை. அன்றிலிருந்து வருடக்கணக்காகக் கலியாண வீடு, செத்த வீடு எங்கே கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர், மாடு வாங்க வந்த வழியில் எட்டிப்பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு படலையைத் திறந்தால் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டாரென்றால் கோபம் தீர்ந்தது. குடிக்காமல் போனால் இனி இந்தப் பக்கம் எப்போது வருவாரோ.

குசினியில் மூக்குப்பேணியை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். அண்ணாந்து ஊற்றிக் குடிக்கவென்றே மூக்கு வைத்த பித்தளைப் பேணி. சூட்டைக் கை முதலில் சொல்லிவிடும். மயில்வாகனம் பின்னாலேயே வந்து நின்றார்.

"உந்தப் பித்தளையை வையும். காடு வெட்டிக் கஞ்சிக்கும் வழியில்லாமல் கிடக்கிறம் எண்டெல்லோ மச்சான் நினைப்பார். தம்பி தந்த கிளாஸை எடும்."

"அண்ணை அண்ணாந்து குடிக்கிறவர். அது சுடுறது கைக்குத் தெரியாதே."

"அவர் என்ன சின்னப்பிள்ளையே? எடும் எண்டுறன்."

தர்க்கம் பண்ண அது நேரமில்லை. இரண்டு கிளாஸில் ஊற்றி, புருஷனுடையதை மூடியபடியே கொண்டுபோய் வைத்தாள்.

கதிரையில் இருந்த ஏரம்பு அவளைப் பார்த்தார். ஆனால் பேசியது மயில்வாகனத்தோடுதான். "உன்ரை பெண்சாதி நல்லா மெலிஞ்சுபோனாள். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு."

அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். கோபக்காரர் பேசாமல் பேசும் முறை அது. அவர் வாய் திறக்கும் வரை அவளும் நேரே பேசக்கூடாது. அந்த முறையில் இடி விழ! தமையனிடம் மற்றக் கிளாஸை நீட்டிவிட்டு, "இஞ்சாருங்கோ, சுடும் எண்டு அண்ணையிட்டைச் சொல்லுங்கோ" என்றாள் புருஷனிடம்.

புருஷன் சொன்னாரா? "மச்சான், உது கப்பலிலை வந்த சாமான். கண்ணாடியைப் பாருங்கோ, ரெண்டு சுவர்" என்று தொடங்கிவிட்டார். ஏரம்புவுக்கோ பேசுகிறவனின் முகத்தில் கண், தங்கை சொன்னதைக் காதில் வாங்காத பாவனை. கிளாஸைக் கையால் அமர்த்திப் பார்த்தார். "ஆறிப்போச்சுது போலை" என்று அண்ணாந்து ஒரேயடியாக ஊற்றினார்.

தேத்தண்ணீர் வாயிலிருந்து வேட்டிக்கும் சால்வைக்கும் சீறியது. கிளாஸ் மண் தரையில் உருண்டது. அதுகூட உடையவில்லை, நாசமாய்ப்போன சாமான். மயில்வாகனம் சிரித்துவிட்டார். வேண்டுமென்று சிரிக்கவில்லைத்தான், ஆனால் சிரித்தார், சத்தமாக.

ஏரம்பு எழும்பி நடந்தார். அவள் செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு பின்னால் ஓடினாள். படலையில் அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, வெந்த நாக்கு சரியாகப் புரளவில்லை.

"பாக்கியம், நான் குடிக்கத்தான் வந்தனான், பிள்ளை."

இத்தனை வருடத்துக்குப் பிறகு அவளோடு நேரே பேசிய பேச்சு அது. அவள் செம்பை நீட்டினாள். அவர் அவளுக்குப் பின்னால், சிரிப்பு வந்த பக்கம் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மயில்வாகனம் சைக்கிளை எடுத்துக்கொண்டு துரத்திப் போனார். ஏரம்பு ஏறவில்லை. மயில்வாகனம் தனியே திரும்பி வந்து, களைப்போடு கதிரையில் விழுந்து, தன் கிளாஸின் மூடியைத் திறந்து ஒரு வாய் உறிஞ்சினார். முகம் மலர்ந்தது.

"இஞ்சாரும், இவ்வளவு நேரத்துக்குப் பிறகும் சுடுதப்பா!"

அன்னபாக்கியத்தின் கையில் செம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஓம், சுடும்" என்றாள். "அதைத்தான் உங்களைச் சொல்லச் சொன்னனான்."