டர்போவும் என் டிரைவிங் ஸ்டைலும்

காரில் ஒரு கோளாறும் இல்லை, எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று ஒரு குளிர்காலம் முழுக்க என்னிடம் சொன்னார்கள். நான் தில்லியில் ஓட்டக் கற்றுக்கொண்டபோது இப்போதிருக்கும் மேம்பாலங்களில் பாதி கிடையாது. தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்ந்த ரிங் ரோட்டில் ஸ்டியரிங் பிடித்துப் பழகியவள் நான். என்னிடம் அப்படிச் சொன்னவர், கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கழுத்துப்பட்டையில் அடையாள அட்டை தொங்கவிட்டிருந்த அட்வைசர். நான் ஓட்டப் பழகிய காலத்தில் அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார்.

கார் என்னுடையது. புதிதாக வாங்கியது, சின்ன டர்போ பெட்ரோல் கார். கணவர் மத்திய அரசு ஊழியர். கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து அவருடைய அலுவலகத்துக்கு மெட்ரோ இருக்கிறது, அதனால் காரை அவர் தொடுவதே இல்லை. எனக்கு நொய்டாவில் ஒரு விளம்பர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. காலையில் பாராபுல்லா மேம்பாலத்தில் ஏறி யமுனையைத் தாண்டிப் போவேன். என்னோடு அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பையன் ஒருவனும் வருவான். இங்கே கோட்லாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். கார் ஓட்டத் தெரியாது, லைசென்ஸும் கிடையாது.

எல்லாம் அந்தக் குளிர்காலத்துக்கு முந்தைய மே மாதத்தில் ஆரம்பித்தது. தார் உருகும் வெயிலில் ஏசியைப் போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறினால், காரை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் முன்பிருந்த வேகம் வராது. சர்வீஸுக்கு விட்டபோது இதைச் சொன்னேன். அட்வைசர் தலையாட்டினார். மாலையில் எடுக்கப் போனபோது சாஃப்ட்வேரைப் புதுப்பித்திருக்கிறோம், இனி பாருங்கள் என்றார். உண்மையிலேயே கார் பறந்தது. எனக்குச் சந்தோஷம்தான். மழைக்காலமும் நன்றாகவே போயிற்று.

ஜனவரியில் ஒரு காலை. பனிமூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது, ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டாலே விரல் விறைக்கும் குளிர். மேம்பாலத்தில் ஏறி, வண்டிகளோடு கலப்பதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். கார் ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. உடனே ஒரு உதறல். மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தும் கார் தவழ்ந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரனை அடித்தபடி எங்களை உரசுகிற மாதிரி வளைந்து போனது. பக்கத்தில் இருந்த பையன் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டான். ஓரமாக நிறுத்தி, அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும் விளக்கு போய்விட்டது, ஒன்றுமே நடக்காதது போல கார் ஓடியது.

அன்றிலிருந்து குளிர் கடுமையாக இருக்கும் காலைகளிலெல்லாம் இதே கதை. மாலையில் திரும்பும்போது எதுவும் இருக்காது. சர்வீஸ் சென்டரில் காரை மதிய வெயிலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். இரண்டாவது தடவை போனபோது அட்வைசர் என் டிரைவிங் ஸ்டைலைப் பற்றிப் பேசினார். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறீர்களாம், கியரைத் தாமதமாக மாற்றுகிறீர்களாம், லேடீஸுக்கு இது சகஜமாம். என்னோடு ஒரு தடவைகூட உட்கார்ந்து வராதவர் இவ்வளவும் சொன்னார்.

அடுத்த தடவை அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேடம், ஏக் பார் சர் கோ பேஜ் தீஜியே."

சாரை ஒரு தடவை அனுப்பிவையுங்கள். மெட்ரோவில் போகிற சாரை. வீட்டில் வந்து சொன்னதும் கணவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததற்கும் சேர்த்து அன்று கோபப்பட்டேன். விட்டுத்தள்ளு, வேறு இடத்தில் காட்டிக்கொள்ளலாம் என்றார் அவர். நான் ஏன் வேறு இடத்துக்குப் போக வேண்டும்?

ஒரு சோதனை செய்து பார்க்கத் தோன்றியது. திருநெல்வேலிப் பையனை அழைத்துக்கொண்டு போனேன். நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அதே விஷயத்தை, காரில் வரும்போதே அவனுக்கு வரி வரியாக ஹிந்தியில் சொல்லிக்கொடுத்தேன். குளிர்ந்த காலையில் மட்டும், மேடு ஏறும்போது, முழுதாக மிதித்தால், ஒரு பாய்ச்சலுக்குப் பிறகு சக்தி போய்விடுகிறது. அவன் அதை மனப்பாடமாக ஒப்பித்தான். அட்வைசர் கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். டர்போ சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் சர், பார்க்கிறோம் என்றார். பிரேக் எந்தக் காலுக்கு என்று அறியாதவன் அவருக்கு சர். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

வெளியே வந்ததும் அவனுக்கே கூச்சமாகிவிட்டது.

"யக்கா, எனக்குச் சிரிக்கவும் தோணுது, அசிங்கமாவும் இருக்கு" என்றான்.

எனக்கு அசிங்கமாக இல்லை. கொதித்தது.

அப்புறமும் அவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் நானே படிக்க உட்கார்ந்தேன். டர்போ என்பது ஒரு விசிறி. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை அதைச் சுழற்றும். அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அழுத்தம் அளவுக்கு மிஞ்சினால், புகையை வேறு வழியில் விடுவதற்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறது. கதவை ஒரு கம்பி திறந்து மூடும். வெயிலில் காற்று லேசாகிவிடும், சூடாகவும் இருக்கும். எஞ்சின் கெட்டுவிடக் கூடாதென்று கார் தானாகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிரில் காற்று அடர்த்தியானது, அழுத்தம் சட்டென்று எகிறும். கதவு சரியான நேரத்தில் திறக்காவிட்டால் கார் பயந்துபோய்ச் சக்தியை வெட்டிவிடும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் காரின் அளவுகளைப் போனுக்கு அனுப்பும் ஒரு சின்னக் கருவி வாங்கினேன். மறுநாள் காலை மேம்பாலத்தில் பையன் போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். திரையில் இரண்டு கோடுகள்: கார் கேட்ட அழுத்தம் ஒன்று, டர்போ கொடுத்த அழுத்தம் ஒன்று. இரண்டாவது கோடு முதலாவதைத் தாண்டி மேலே மேலே போயிற்று, மஞ்சள் விளக்கு எரிந்தது, கோடு கீழே விழுந்தது. மாலையில் இரண்டும் ஏறக்குறைய ஒட்டியே ஓடின. என் கிளட்ச் கால் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரியா இருக்கிறது?

சர்வீஸ் சென்டரில் போனைக் காட்டினேன். இந்த மாதிரிக் கருவிகளை நம்ப முடியாது என்றார்கள். சரி, கார் ராத்திரி முழுக்க உங்கள் வாசலிலேயே நிற்கட்டும், காலையில் கதவு திறந்ததும் வருகிறேன், நீங்களே ஓட்டுங்கள் என்றேன். மறுக்க வழியில்லாமல் ஒத்துக்கொண்டார் அட்வைசர்.

காலையில் அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். எப்படி ஓட்ட வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டேன், பாருங்கள் மேடம். கியர் மாற்றுகிறேன், பாருங்கள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் மிதித்தார். பாய்ச்சல், உதறல், மஞ்சள் விளக்கு. பின்னால் ஒரு டெம்போ கத்தியது. அவர் கண்ணாடியைப் பார்த்தார், ஹசார்டு லைட்டைப் போட்டார். பாடம் நின்றுபோயிற்று.

கொஞ்ச தூரம் போனதும், குளிரில் தோடா ஹோதா ஹை மேடம், கொஞ்சம் இப்படி ஆகும், என்றார்.

"போன வாரம் வரைக்கும் என் டிரைவிங் ஸ்டைல். இன்னிக்கு உங்க கால்ல குளிரா?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

திரும்பியதும் காரைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். நானும் கீழே போய் நின்றேன். டர்போவின் கம்பியில் இருந்த நட்டில் ஸ்பேனர் பிடித்த கீறல்கள். கம்பியைச் சுருக்கி முடுக்கியிருந்தார்கள். அதனால் கதவு திறக்க வேண்டிய அளவுக்குத் திறக்கவில்லை. முந்தைய ஓனர் யாராவது செய்திருக்கலாம் என்று ஆரம்பித்தார் அட்வைசர். இந்தக் காருக்கு முந்தைய ஓனர் கிடையாது, உங்கள் கையைத் தவிர வேறு கை பட்டதும் கிடையாது என்றேன்.

அப்போதுதான் அவர் வாயிலிருந்து உண்மை வந்தது, அதுவும் சாதாரணமாக, டீ சொல்வது போல. மே மாதத்தில் நிறையப் பேர் பிக்கப் இல்லை என்று வருகிறார்கள். அந்தக் கம்பியைக் கொஞ்சம் முடுக்கிவிட்டால் சந்தோஷமாகப் போய்விடுகிறார்கள். சாஃப்ட்வேர் என்று சொன்னது சும்மா.

என்னால் பொறுக்க முடியவில்லை. மே மாதத்தில் என் காரில் எந்தக் கோளாறும் இல்லை. அது வெயிலில் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வெயிலில் இப்படித்தான் இருக்கும் மேடம் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். அதைச் சொல்லாமல், எனக்குத் தெரியாமல் ஒன்றைத் திருகி, அதனால் நான் பஸ்ஸுக்கு அடியில் போகப் பார்த்தபோது, பழியையும் என் தலையில் போட்டார்கள். மற்றவர்களையும் கூப்பிட்டுச் சரிசெய்து கொடுப்பீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். யாரும் கம்ப்ளெயின்ட் செய்யவில்லையே என்றார்.

நேரே வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் ஏசி அறைக்குப் போனேன். காபி மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு, என் மதுரை வாடை அடிக்கும் ஹிந்தியில், கோடையில் பிக்கப் இல்லை என்று சொன்னவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். எல்லோரும் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். நடந்ததைச் சொன்னேன். அட்வைசர் ஓடிவந்து, மேடம் ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா, மெதுவாகப் பேசுங்கள் என்றார். சிலர் மறுபடி போனுக்குள் போய்விட்டார்கள். மூலையில் இருந்த வயதான சர்தார்ஜி எழுந்து, தன் மகளும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள், தானும் நம்பவில்லை என்றார். பிறகு அட்வைசரிடம், என் வண்டியையும் தூக்கு, இப்போதே, என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

அன்று சாயங்காலம் கம்பியைப் பழைய அளவுக்குத் தளர்த்தி, கோடுகள் இரண்டும் ஒட்டி ஓடுவதைப் போனில் பார்த்த பிறகுதான் காரை எடுத்தேன். மறுநாள் குளிரில் மஞ்சள் விளக்கு எரியவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் அந்த இடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

மறுபடியும் மே வந்தது. கார் மேம்பாலத்தில் மெதுவாகத்தான் ஏறுகிறது. நானும் இடது ஓரமாக, அது கொடுக்கிற வேகத்தில் போகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டே தாண்டும்போது ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டுவது யார் என்று தெரிந்ததும் அவர்கள் முகத்தில் ஒரு திருப்தி வருகிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.